மலிவான எலும்புக்கறியும் எட்டு மணி நேரமும்

ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நின்று விலைப்பலகையைப் படித்திருக்கிறீர்களா, மாணவர்களே? எலும்பில்லாத தொடைக்கறிக்கு ஒரு விலை. கழுத்து, முன்னங்கால், முழங்கால் எலும்பு ஆகியவற்றுக்கு அதைவிடக் குறைந்த விலை. ஆடு என்னவோ ஒரே ஆடுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

கழுத்தும் காலும் அந்த ஆடு உயிரோடிருந்தபோது ஓயாமல் உழைத்த பகுதிகள். உழைத்த தசையில் இணைப்புத் திசு அதிகம். அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கடித்தால் ரப்பர்போல இழுக்கும். வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு வந்து ஏழு மணிக்குச் சாப்பாடு போட வேண்டிய அம்மாவுக்கு அந்தத் துண்டு உதவாது. அதனால்தான் அதன் விலை குறைவு. சுவைக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை. மாமாக் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கும் ஆட்டு எலும்புச் சூப்பு எதிலிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

இந்த வாரம் அந்த மலிவான எலும்புக்கறியைப் பருப்போடு சேர்த்து, ஸ்லோ குக்கர் என்னும் மெதுசமையல் பானையில் தால்ச்சா வைக்கப் போகிறோம். செய்முறைக்குப் பின்னால் வருவோம். முதலில் ஒரு கேள்வி. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதும், அதிகச் சூட்டில் கொஞ்ச நேரம் வைப்பதும் ஒன்றுதானா? பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். பானைக்குள் நடக்கும் சில மாற்றங்களுக்கு அந்தப் பதில் சரி. வேறு சிலவற்றுக்கு அது தவறு. அவற்றில் ஒன்றில் தவறினால் வீட்டில் எல்லோரும் வாந்தி எடுத்துப் படுத்துவிடுவார்கள்.

பானையின் கணக்கு

கருவி மிகவும் எளியது. வெளியே ஓர் உலோகக் கூடு, அதன் சுவரை ஒட்டி மின்சூடேற்றி, உள்ளே கனத்த பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. அமெரிக்கர் இர்விங் நாக்ஸன் 1936இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1940இல் கிடைத்தது. லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். முந்தின நாளே இறைச்சியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துவரும் அடுப்பின் சூட்டிலேயே அது இரவெல்லாம் வேகும். வீட்டில் கேட்ட இந்தக் கதைதான் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது. 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறு ஆண்டு கிராக் பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம் அது. பானை வீடு வீடாகப் புகுந்தது.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 3.5 லிட்டர் பானை என்றால் 200 வாட்டை ஒட்டிய ஓர் எண் இருக்கும். நீர் சுட வைக்கும் மின்கேத்தலோ 2,000 வாட் அளவில் இருக்கும். லோ நிலையில் பானைக்கு 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நொடிக்கு 150 ஜூல்.

படிவம் நான்கு இயற்பியலில் ஹாபா பாடம் படித்தவர்கள் இப்போது பேனாவை எடுக்கலாம். பானையில் 2 கிலோ குழம்பு, தொடக்கத்தில் 28 டிகிரி. அதை 95 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். குழம்பில் பெரும்பகுதி நீர் என்பதால் தன்வெப்பக் கொள்ளளவை, அதாவது நீங்கள் படிக்கும் முவாத்தான் ஹாபா தென்துவை, 4,200 என்றே எடுத்துக்கொள்வோம்.

2 × 4,200 × 67 = 562,800 ஜூல். அதை 150ஆல் வகுத்தால் 3,752 நொடி. ஒரு மணி நேரத்தைவிடச் சற்று அதிகம்.

உண்மையில் இதைவிடப் பல மணி நேரம் கூடுதலாகும். காரணம், கணக்கில் நாம் இரண்டு செலவுகளை விட்டுவிட்டோம். கனத்த பீங்கானும் சூடாக வேண்டும். அதோடு, பானை சூடாகச் சூடாகச் சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குழம்பு எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக இழக்கும். ஒரு கட்டத்தில் நொடிக்கு 150 ஜூல் உள்ளே வர, 150 ஜூல் வெளியே போகும். அங்கே வெப்பநிலை நின்றுவிடும்.

பழைய மாதிரிப் பானைகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் கிடையாது. வரவும் செலவும் சமமாகும் இடமே அவற்றின் வெப்பநிலை. ஆகவே ஹை என்றால் அதிகச் சூடு, லோ என்றால் குறைந்த சூடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பல பானைகளில் இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. போய்ச் சேரும் வேகம்தான் வேறு. ஆனால் எல்லாப் பானையும் அப்படியல்ல. பாதி காலியாக இருக்கும் பானை, மின்விசிறிக்கு அடியில் இருக்கும் பானை, பழசாகிப்போன பானை ஆகியவை 80 டிகிரியைத் தொடாமலே நின்றுவிடலாம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. மூடியில் நீராவி குளிர்ந்து துளியாகி மீண்டும் பானைக்குள் விழும்போது, ஆவியாவதற்கு எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. திறந்தால் அந்த வெப்பம் சமையலறைக் காற்றுக்குப் போகும். திறந்து கிளறும்போது 20 கிராம் நீர் ஆவியாகப் போனது என்று வையுங்கள். ஒரு கிராமுக்கு 2,260 ஜூல்; மொத்தம் 45,200 ஜூல். 150 வாட் பானை அதை ஈடுசெய்ய ஐந்து நிமிடம் வேண்டும். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்த கணக்கு தனி. பெரிய அடுப்பில் இந்த இழப்பு நமக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு சிறிய வரவில் குடும்பம் நடத்தும் பானைக்கு அது பெரிய செலவு.

நேரத்துக்குப் பணியும் கயிறு

இனி இறைச்சி. தசையில் இரண்டு வகைப் புரதங்களைப் பற்றி நமக்குக் கவலை. ஒன்று, சுருங்கி விரியும் தசைநார்ப் புரதம். அது 50 டிகிரியிலிருந்து உருக்குலைந்து சுருங்கத் தொடங்கும். 70 டிகிரிக்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். தசை தன் நீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். அதோடு இறைச்சி கெட்டியாகும். நிறையப் பேர் 'இன்னும் வேகவில்லை' என்று சொல்லும் நிலை இதுதான். உண்மையில் அது வெந்துவிட்டது. மென்மையாகத்தான் இல்லை.

மென்மைக்குக் காரணம் இரண்டாவது புரதம், கொலாஜன். தசையைப் பொதிந்திருக்கும் உறை, எலும்போடு தசையைக் கட்டும் நாண், மூட்டுக் குருத்தெலும்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம் உடம்பிலும் அதிகமாக இருக்கும் புரதம் அதுவே. அதன் மூலக்கூறு, மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது.

இந்தக் கயிற்று வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், ஊடுகதிர்ச் சிதறல் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்ற மாதிரியை 1954இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அதே இதழில் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரட்டைச் சுருளைப் பாடநூலில் படிக்கிறோம். முச்சுருளைத் தட்டில் வைத்துத் தின்கிறோம்!

இந்தக் கயிறு சூட்டில் என்ன ஆகும்? 60 டிகிரியைத் தாண்டியதும் சுருங்கும். 70க்கு மேல் முறுக்கு மெல்ல மெல்லப் பிரியத் தொடங்கும். பிரிந்த இழைகள் நீரில் கரைந்து ஜெலட்டின் ஆகின்றன. இழுத்துப் பிடித்த கயிறு போனதால் தசைநார்கள் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் விலகும். கரைந்த ஜெலட்டின் அவற்றுக்கு நடுவே வழவழப்பாக நிற்கும். நார்கள் நீரை இழந்திருந்தாலும் நாக்குக்கு அது வறட்சியாகத் தெரியாது. தொடைக்கறியில் இந்தக் கயிறு குறைவு. அதை எட்டு மணி நேரம் வைத்தால் சக்கைதான் மிஞ்சும். விலை அதிகமான துண்டு இந்தப் பானைக்குத் தோதானதல்ல. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

கயிறு பிரிவது ஒரு நொடியில் நடக்கும் காரியமல்ல. சூடு கூடினால் வேகம் கூடும். வேதியியலில் ஒரு தோராய விதி உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிரஷர் குக்கரில் நீர் 120 டிகிரி வரை போகும். நம் பானை 90 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 30 டிகிரி. இரண்டு, நான்கு, எட்டு மடங்கு. அங்கே ஒரு மணி நேரம் என்றால் இங்கே எட்டு மணி நேரம். இங்கே நேரமும் சூடும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. பானையின் வெற்றி முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஈடாகாத இடங்கள்

உருளைக்கிழங்கையும் கேரட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது இளக 85 டிகிரி அளவு சூடு வேண்டும். பானை 80 டிகிரியில் தயங்கி நின்றால், இறைச்சி மெத்தென்று ஆன பிறகும் கேரட் கடக் கடக் என்று கடிபடும். அதனால்தான் இந்தப் பானையில் கிழங்கைச் சிறிதாக நறுக்கி, சூடு முதலில் வரும் அடியிலும் ஓரத்திலும் வைத்து, இறைச்சியை அதன்மேல் வைக்கச் சொல்கிறார்கள். புளி சேர்த்தால் இன்னும் மோசம். அமிலத்தில் பெக்டின் கெட்டியாக நிற்கும், பருப்பும் கரையாது. புளியைக் கடைசியில் ஊற்று என்று பாட்டி சொன்னதற்கு வேதியியல் காரணம் இதுதான்.

வாசனையும் அப்படியே. இறைச்சியும் வெங்காயமும் வதங்கிப் பழுப்பாகும்போது எழும் மணம், சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நடத்தும் வினையால் வருகிறது. 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மெயாரின் பெயரே அதற்கு. அது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி அளவு வேண்டும். நீர் இருக்கும்வரை நம் பானை 100ஐத் தாண்டாது. எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடிவிட்டுப் போனால் இறைச்சி வேகும், ஆனால் குழம்பு நோயாளிக்கு வைத்ததுபோல் இருக்கும். பத்து நிமிடம் வாணலியில் வதக்குவதைத் தவிர்க்க முடியாது.

கேரட் வேகாவிட்டால் முகம் சுளிப்போம், அவ்வளவுதான். அடுத்தது அப்படியல்ல.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள், "டீச்சர், நாங்கள் வீட்டில் சைவம். எலும்புக்குப் பதிலாக ராஜ்மா போட்டால் நன்றாக இருக்குமா?" நல்ல கேள்வி. எட்டு மணி நேரம் வைத்தால் எந்தப் பயறும் வெந்துவிடாதா என்ன?

ராஜ்மா என்பது சிறுநீரக வடிவில் இருக்கும் பெரிய சிவப்புப் பயறு. இங்கே 'கச்சாங் மேரா' என்ற பெயரில் அதுவும் விற்கும், அதைவிடச் சிறிய வேறு சிவப்புப் பயறும் விற்கும். நான் சொல்வது பெரியது. அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஆற்றல் கொண்டதால் இந்த நீளமான பெயர். வேகாத நான்கைந்து பயறு போதும். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு.

கொதிக்கும் நீரில் இந்தப் புரதம் அழிந்துவிடும். 80 டிகிரியில் அழியாது. அதைவிட மோசம், அந்த அளவு சூடுபட்ட பயறு பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை நச்சாகலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. மெதுசமையல் பானையில் சமைத்த உணவு பல நேரங்களில் 75 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை என்றும் அதன் கையேடு சொல்கிறது. பயறு மெத்தென்று நசுங்குவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. மென்மை ஒரு மாற்றம், நச்சு அழிவது வேறொரு மாற்றம். எட்டு மணி நேரம் என்ன, பதினாறு மணி நேரம் வைத்தாலும் 75 டிகிரி 100 டிகிரியாகிவிடாது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இது. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவை. ஊறிய நீரைக் கொட்டிவிடு. புது நீர் ஊற்றி, அடுப்பில் குமிழ் விட்டுத் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடு. அந்த நீரையும் வடித்துவிடு. பிறகு பானையில் போடு. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது. அதை அப்படியே சேர்க்கலாம். நம் தால்ச்சாவுக்கான மைசூர்ப் பருப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எந்தப் பயறானாலும் முதலில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துவிட்டுப் பானையில் போடும் பழக்கம் நல்லது. 'இது எந்தப் பயறு' என்று யோசிக்கவே வேண்டியிராது.

நேரம் நமக்கு எதிராக ஓடும் இடம்

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே பாக்டீரியாக்கள் பெருகும். அவற்றுக்குப் பிடித்த சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகலாம். மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது முறை. ஒன்று 512 ஆகும். சாதாரண அடுப்பில் குழம்பு அந்த எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். நம் பானையோ, நஷ்டமே இல்லாத கணக்கில்கூட 28இலிருந்து 60க்கு ஏற அரை மணி நேரம் எடுக்கும்.

'கடைசியில் எல்லாம் வெந்து பாக்டீரியா செத்துவிடுமே' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சில, சாகுமுன் நச்சை விட்டுச் செல்லும். அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது.

உறைந்த இறைச்சியை அப்படியே போடக்கூடாது என்பதும் இதனால்தான். அரைக் கிலோ உறைந்த கறியில் 330 கிராம் பனி இருந்தால், அதை உருக்க 110,000 ஜூல் போதும். பன்னிரண்டு நிமிடம்தான் என்று ஒருவர் வாதிடலாம். பெருக்கல் சரி. ஆனால் வெப்பம் கட்டியின் நடுவுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. உள்ளே பனியாகவும் வெளியே 35 டிகிரியாகவும் ஒரே துண்டு மணிக்கணக்கில் கிடக்கும். ஆஸ்திரேலிய உறைந்த ஆட்டிறைச்சி விலை குறைவு, தாராளமாக வாங்குங்கள். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் உருகவிடுங்கள்.

காலையில் பானையை மூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய் வருகிறீர்கள். வீட்டில் மின்கடிகாரம் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழம்பு இப்போது சூடாக, வாசனையாகத்தான் இருக்கும். ஆனாலும் கொட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு வேலைக்குப் போக முடியாத அப்பாவின் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள், எது மலிவு என்று.

ஐந்து பேருக்கு எலும்புத் தால்ச்சா

3.5 லிட்டர் பானைக்கு அளவு: சதையோடு கூடிய ஆட்டு எலும்பு 500 கிராம், மைசூர்ப் பருப்பு 150 கிராம், உருளைக்கிழங்கு 2, கேரட் 1, கத்தரிக்காய் 2, பெரிய வெங்காயம் 1, இஞ்சி பூண்டு விழுது 2 தேக்கரண்டி, இறைச்சி மசாலாத் தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பட்டை, ஏலக்காய், கிராம்பு, நட்சத்திரப் பூ, கறிவேப்பிலை, எலுமிச்சை அளவில் பாதி புளி, எண்ணெய், உப்பு.

மசாலாத் தூளில் கொஞ்சம் நீர்விட்டுக் குழைத்து வையுங்கள். அடிகனமான சட்டியில் எண்ணெய் ஊற்றிப் பட்டை வகைகளைப் பொரியவிட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். எலும்பைத் துடைத்துவிட்டுப் போட்டு, ஓரங்கள் பழுப்பாகும்வரை பிரட்டுங்கள். ஈரமாகப் போட்டால் பழுக்காது, அவியும். பிறகு இஞ்சி பூண்டு, குழைத்த மசாலா, கறிவேப்பிலை. எண்ணெய் பிரிந்ததும் கழுவிய பருப்பையும் கேத்தலில் கொதித்த 900 மில்லி நீரையும் ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

இதற்குள் பானையைக் குழாய்நீரின் சாதாரண வெப்பத்தில் கழுவித் துடைத்து, கிழங்கையும் கேரட்டையும் அடியில் பரப்பியிருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பீங்கானில் கொதிக்கும் குழம்பை ஊற்றினால் விரிசல் விடும். கொதித்த குழம்பை மேலே ஊற்றி மூடுங்கள். ஒரு மணி நேரம் ஹை, பிறகு ஏழு மணி நேரம் லோ. பானை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பது நல்லது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டதால், பாக்டீரியா பெருகும் அந்த எல்லையை நாம் தொடவே இல்லை. மின்கேத்தலும் அடுப்பும் சூடேற்றும் வேலையை முடித்துவிட்டன. பானைக்குச் சூட்டைக் காக்கும் வேலை மட்டும். அதுதான் அதற்குத் தெரிந்த வேலை.

மாலையில் ஹைக்கு மாற்றி, நறுக்கிய கத்தரிக்காயையும் புளிக்கரைசலையும் சேர்த்து இன்னும் 45 நிமிடம். கத்தரிக்காயைக் காலையிலேயே போட்டால் தோல் மட்டும்தான் கிடைக்கும். தேங்காய்ப்பால் விரும்பினால் அணைக்கும்போது ஊற்றுங்கள். மணிக்கணக்கில் சூட்டில் இருந்தால் திரிந்துவிடும். நெய்ச்சோற்றுக்கு நன்றாக இருக்கும். தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

கோழித் தொடையில் செய்வதானால் இவ்வளவு நேரம் வேண்டாம். கோழியின் கயிறு இளசு, லோவில் நான்கைந்து மணி நேரம் போதும்.

மின்செலவு என்ன? 150 வாட் × 8 மணி = 1,200 வாட் மணி, அதாவது 1.2 யூனிட். யூனிட் 40 சென் என்று வைத்தால் 48 சென். ஹை நேரத்தையும் சேர்த்தால் இன்னும் சில சென். உங்கள் வீட்டு பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். விளம்பரங்கள் சொல்வதுபோல் மின்சாரத்தில் பெரிய மிச்சம் இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலையை முடிக்கும் பிரஷர் குக்கர் அதில் பின்தங்கியதல்ல. மிச்சம் இருப்பது வேறு இடத்தில்: ஒரு கிலோ தொடைக்கறிக்குப் பதிலாக அரைக் கிலோ எலும்பு, மீதிப் புரதத்தைத் தருவது பருப்பு. அதோடு, பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரண்டு விலையையும் குறித்துக்கொண்டு, ஓர் ஆளுக்கு எத்தனை ரிங்கிட் என்று வகுத்துப் பாருங்கள்.

மிச்சக் குழம்பில் ஒரு சோதனை

மீந்ததைப் பானையோடு மேசையில் விடாதீர்கள். கனத்த பீங்கான் சூட்டைப் பிடித்துவைத்து, பாக்டீரியாவுக்குப் பிடித்த சூட்டிலேயே நெடுநேரம் நிறுத்திவிடும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடுப்பில் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். மெதுசமையல் பானையில் மறுபடி சூடாக்க வேண்டாம்.

பருப்பு சேர்த்தால் தெளிவாகத் தெரியாது என்பதால், சோதனைக்கு எலும்பை மட்டும் இதே முறையில் வேகவைத்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் ஒரு மணி நேரம் வெந்த நீர். மற்றதில் எட்டு மணி நேரம் வெந்த நீர். இரண்டையும் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது கட்டியாக நடுங்கும். பிரிந்த இழைகள் குளிரில் அங்கங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு நீரைச் சிறைபிடித்திருக்கின்றன. ஒரு துண்டை உள்ளங்கையில் வையுங்கள். உடல் சூட்டிலேயே உருகி ஓடும். பக்கத்தில் ஒரு துண்டு அகர்-அகரையும் வைத்துப் பாருங்கள், அது உருகாது. அது கடற்பாசியிலிருந்து வரும் மாச்சத்து வகைப் பொருள், உருக 85 டிகிரி வேண்டும்.

இன்னொன்றுக்குச் சமையலறை வெப்பமானியும் பெரியவர் ஒருவரின் துணையும் வேண்டும். உங்கள் வீட்டுப் பானையில் 2 லிட்டர் குழாய்நீர் மட்டும் ஊற்றி லோவில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறியுங்கள். மூடியை வெப்பமானி நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். எட்டு மணி நேரத்துக்கு வரைபடம் போடுங்கள். கோடு எந்த இடத்தில் படுக்கையாகிறது? அந்த எண் 85க்கு மேலா, கீழா? மறுவாரம் ஹையில் இதையே செய்து, இரண்டாவது கோட்டை அதே தாளில் வேறு நிறத்தில் வரையுங்கள்.